தொப்பி போடாத கட்டுரை

ஜீப் இன்றைக்கும் அங்கேதான் நின்றது.

புரூல் சாக்பீஸைக் கையில் பிடித்தபடி ஜன்னல் பக்கம் ஓரக்கண்ணை மட்டும் அனுப்பிப் பார்த்தாள். பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே, இலையில்லாத பாப்ளர் மரத்தடியில், பாதிச் சக்கரம் பனிச்சேற்றில் புதைந்திருக்க, காராஜல் போலீஸின் சாம்பல் நிற ஜீப். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மீசை. மீசைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் ஷர்ஷென்பெக். அவர் பார்வை நேராக ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் மேல்.

"டீச்சர்..." முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல். "போர்டுல 'இங்கிலீஷ்'க்கு நீங்களே சின்ன எழுத்து போட்டுட்டீங்க."

திரும்பிப் பார்த்தாள். போட்டிருந்தாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் கடைசி பெஞ்சு ஜிபெக். இன்ஸ்பெக்டரின் மகள். அவள் டெஸ்க்குக்குள் தலையை விட்டுக்கொள்ள இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

எல்லா வினையும் அந்தச் சின்ன எழுத்தில்தான் ஆரம்பித்தது.

கிர்கிஸ் மொழியில் ஆளின் பெயருக்குப் பெரிய எழுத்து உண்டு, ஆற்றின் பெயருக்கும் உண்டு. ஆனால் இனத்தின் பெயரோ மொழியின் பெயரோ வந்தால் சின்ன எழுத்துதான். கிர்கிஸ், உஸ்பெக், ருஷ்யன், ஆங்கிலேயன், எல்லாருக்கும் ஒரே நியாயம். ஆங்கிலத்துக்குப் போனால் கதை மாறிவிடும். அங்கே எந்த இனமும் எந்த மொழியும் பெரிய எழுத்து இல்லாமல் வாசல்படி தாண்டாது. காராஜல் பிள்ளைகளின் மண்டையில் இது ஏறவே மாட்டேனென்றது.

புரூல் வேலைக்கு வந்த முதல் வாரமே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

"கல்யாணத்துக்குப் போறப்ப உங்க வீட்டுப் பெரியவங்க தலைல கல்பாக் இல்லாம கிளம்புவாங்களா?"

"மாட்டாங்க!"

"அதேதான். இங்கிலீஷ்ல ஒரு இனத்தையோ பாஷையையோ தலைல தொப்பி இல்லாம வெளிய அனுப்பக் கூடாது. பெரிய எழுத்துதான் கல்பாக். புரிஞ்சுதா?"

"டீச்சர், நம்ம பாஷைல நம்மளை நாமளே சின்னதாத்தான் எழுதிக்கறோம். எங்கயோ இருக்கற வெள்ளைக்காரன் எதுக்கு நம்மளைப் பெருசா எழுதணும்?"

"மரியாதைக்கு."

"மாட்டுக்கும் தொப்பி உண்டா?"

"மாட்டுக்குக் கிடையாது. கிர்கிஸ் மாடுன்னு எழுதினா கிர்கிஸுக்கு உண்டு, மாட்டுக்குக் கிடையாது."

இந்தப் பதில் வகுப்புக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு வாரம் எல்லாரும் எல்லாரையும் தொப்பியில்லாத மாடே என்று கூப்பிட்டார்கள். பரீட்சைத் தாளில் மட்டும் பழையபடி சின்ன எழுத்து.

அதனால்தான் போன வாரம் 'எங்கள் நாடு' என்று ஆங்கிலத்தில் வீட்டில் எழுதிவரச் சொன்ன கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தபோது அவளுக்கு ஏற்கெனவே பாதி ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. மீதியைக் கொதிக்க வைத்தது ஜிபெக்கின் தாள். அந்த வாரம் முழுக்கக் கைப்பந்துப் போட்டிக்கு வெளியூர் போய்விட்டு வந்தவள், வந்ததும் வராததுமாக ஒரு தாளை நீட்டியிருந்தாள்.

"கிர்கிஸ் மக்கள் மலைப்பகுதிகளில் வசித்து வருவதாகத் தெரிகிறது. மேற்படி மக்கள் கிர்கிஸ் மொழியும் ருஷ்ய மொழியும் பேசுகின்றனர். குதிரைகள் ஏராளம். சில குதிரைகளைக் காணவில்லை. விசாரணை நடந்துவருகிறது."

போலீஸ்காரர் மகள் என்பது சரியாகத்தான் இருக்கிறது என்று புரூல் சிரித்துக்கொண்டாள். எந்தப் போலீஸ்காரர் என்று விசாரிக்கத் தோன்றவில்லை. தாளில் ஒரு இனத்தின் தலையில்கூடத் தொப்பி இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு சின்ன எழுத்தின் மேலும் ஒரு குட்டி கல்பாக் வரைந்தாள். வரைய வரையக் கோபம் ஏறியது. கடைசியில் தாளே ஒரு கல்யாண ஊர்வலம் மாதிரி ஆகிவிட்டது. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். ஃபெயில். அதோடு விட்டாளா? அடியில் எழுதினாள்:

"சொந்த இனத்தையே மொட்டைத் தலையோடு தெருவில் நிறுத்தியவர், தன்னைப் பெற்றவரை அழைத்துக்கொண்டு வந்து என்னைப் பார்க்க வேண்டும்."

கையெழுத்து. அழுத்திக் கோடு.

மறுநாளிலிருந்து ஜீப்.

"யாருக்கு ரெண்டு போட்டே?" என்றாள் சாய்ரா, ஆசிரியர் அறையில். இயற்பியல் டீச்சர். ஊரில் யார் எப்போது எதற்காக அழிந்துபோனார்கள் என்பது முழுக்க அவளுக்கு அத்துப்படி.

"ஜிபெக்குக்கு அக்கா. நெட்டையா, கைப்பந்து ஆடுமே."

சாய்ராவின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த போர்சோக் பாதி வழியில் நின்றது. எண்ணெயில் பொரித்த அந்த மாவுத்துண்டை அவள் அப்படி அந்தரத்தில் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

"அடிப்பாவி. அது ஷர்ஷென்பெக் பொண்ணுடி."

"தெரியும்... இப்பத்தான் தெரியும்."

"மாட்டு டாக்டர் ஒருத்தர் இருந்தார் இந்த ஊர்ல. அவர் மீசையைப் பார்த்து, 'ஐயா, இதுக்குத் தனியா தீவனம் போடறீங்களா'ன்னு கேட்டார். சும்மா, விளையாட்டுக்கு. இப்ப எங்க இருக்கார் தெரியுமா? பனி உருகினாத்தான் பாதை திறக்கற ஊர்ல. மீசைக்கே அந்த ஊருன்னா, நீ இனத்தையே மொட்டைங்கற. சிவப்பு மையில. கையெழுத்து வேற."

ஏப்ரல் வந்தால் புரூலுக்கு வேலை நிரந்தரம். ஹெட்மாஸ்டர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அக்கா வீட்டுச் சமையலறை மூலையில் பாய் விரித்துக் கிடந்த காலம் போய், இப்போதுதான் அவளுக்கென்று பள்ளிக்கூடம் கொடுத்த ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு சாவி. அந்தச் சாவியைப் பாவாடைப் பையில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மதியம் ஜிபெக்கைத் தனியாகப் பிடித்தாள்.

"அப்பா என்னம்மா சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை டீச்சர்." ஜிபெக் தரையைப் பார்த்தாள். "சாப்பிடலை. தூங்கலை. உங்க பேரையே சொல்லிட்டிருக்கார்."

"என்... பேரையா?"

"ஆமா. ஒரு தடவை தூக்கத்துல 'சின்ன எழுத்து, சின்ன எழுத்து'ன்னு கத்தினார்."

"அந்தத் தாள் எங்க? குடும்மா, திரும்பத் திருத்தித் தரேன்."

"அப்பா ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போயிட்டார் டீச்சர். உறைல போட்டு."

உறையில் போட்டு! சாட்சிப் பொருளைத்தான் உறையில் போடுவார்கள்.

புரூல் அங்கேயே, நின்ற வாக்கிலேயே, மதிப்பெண் பதிவில் இரண்டை ஐந்தாக்கினாள். "அஞ்சு போட்டாச்சு. அப்பாகிட்ட சொல்லு, என்ன? முதல்ல அதைச் சொல்லு."

ஜிபெக்கின் முகம் வெளுத்தது. "அஞ்சா? ஐயோ டீச்சர், அப்பா இன்னும் ஒரு மாதிரி ஆயிடுவாரே!"

அவள் சொன்னபடியே ஆனது. மறுநாள் ஜீப் கேட்டுக்கு இன்னும் நெருங்கி நின்றது. போதாததற்கு ஒன்பதாம் வகுப்பு முழுவதும் மேஜையைச் சுற்றி மொய்த்துக்கொண்டது.

"அவளும் சின்ன எழுத்து, நானும் சின்ன எழுத்து. அவளுக்கு மட்டும் எப்படி அஞ்சு?"

"டீச்சர், எங்கப்பா போலீஸ் இல்ல, ஆனா ரொட்டிக் கடை. தினம் சூடா ரொட்டி தரேன். ஒரு நாலாவது போடுங்க."

யாருக்கும் இல்லை என்று சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. எல்லாருக்கும் ஐந்து. வகுப்பு குதித்தது. சாய்ரா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நேத்து வரைக்கும் அவமதிப்பு மட்டும்தான்டி இருந்துச்சு. இன்னிக்கு அதுகூட மோசடியும் சேர்ந்துடுச்சு."

சனிக்கிழமை சந்தைக்குப் போனாள். வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது முதுகில் ஏதோ குறுகுறுத்தது. திரும்பினாள். மஞ்சள் காரட் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மீசை. கண்ணும் கண்ணும் சந்தித்ததும் மீசை சட்டென்று கீழே இறங்கி மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூட்டையின் மறுபக்கம் மெதுவாக எழும்பியது. காரட்காரி நடுங்கும் குரலில், "ஐயா, எவ்வளவு வேணும்?" என்று கேட்பதும், அதற்குப் பதிலே வராததும் புரூலுக்குக் கேட்டது. வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"பின்னாலயே வந்தாரா? பதுங்கி வேவு பார்த்தாரா?" சாய்ராவுக்குப் பயத்தில் கண் பளபளத்தது. கொஞ்சம் சந்தோஷத்திலும்தான். "இதுக்கு மேல பேச்சு எடுபடாது. ஒரே வழிதான் இருக்கு. தப்பு பண்ணவங்க எதிராளி வாசல்ல ஆட்டைக் கட்டற வழக்கம் இருக்கில்ல? நீயும் போய்க் கட்டிடு."

"ஆடா?"

"ஆமா. அறுத்துச் சாப்பிட்டாங்கன்னா மன்னிச்சாச்சுன்னு அர்த்தம். திருப்பி விட்டாங்கன்னா பகை பகைதான், அப்புறம் அந்தக் கடவுளே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"என்கிட்ட ஏது அக்கா ஆடு? எங்கிட்ட ஒரு கோழிகூடக் கிடையாதே."

"அப்ப வேண்டிக்கோ" என்றாள் சாய்ரா.

புரூல் வேண்டிக்கொண்டாள். மனதார.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தால், கேட்டுக் கம்பியில் ஒரு ஆடு கட்டியிருந்தது.

கொழுத்த ஆடு. பின்பக்கம் கொழுப்பு வால் இரண்டு தலையணையாகத் தொங்கியது. ஒரு கொம்பு கோணல். அது அவளைப் பார்த்து அசை போட்டது, அவள்தான் ஏதோ தாமதமாக வந்துவிட்டவள் போல.

சாய்ரா வந்து ஆட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். முகம் மாறியது.

"இதை யார் கட்டினது?"

"தெரியலை. விடியறப்ப ஜீப் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு."

"ஜீப்பா? போச்சு. பொறி வெச்சுட்டாங்கடி! திருட்டு ஆட்டைக் கொண்டுவந்து உன் வாசல்ல கட்டியாச்சு. இனி நேரா வருவாங்க, 'இந்த ஆடு யாருது'ம்பாங்க. நீ என்ன சொல்வே?"

காராஜலில் கொலைக்கு அடுத்த குற்றம் ஆட்டுத் திருட்டு. சிலர் அதைக் கொலைக்கு முந்தைய குற்றமாகவும் வைத்திருந்தார்கள்.

"அவிழ்த்து விட்டுடலாமா?"

"விட்டா உன்னைத் தேடித் திரும்ப வரும். நீ அதோட கண்ணைப் பார்த்துட்டே இல்ல?" சாய்ரா யோசித்தாள். திடீரென்று துள்ளினாள். "இரு இரு. உனக்கு ஒரு ஆடு வேணும். உன்கிட்ட ஒரு ஆடு இருக்கு. இதையே இழுத்துட்டுப் போய் அவர் வாசல்ல கட்டு! திருட்டு ஆடும் போச்சு, மன்னிப்பும் கேட்டாச்சு."

புரூலுக்கு அதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருப்பதாகப் பட்டது. ஆனால் பயம் வந்துவிட்டால் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. பொழுது சாயும்வரை காத்திருந்து, கம்பளி முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, இருவருமாக ஆட்டை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒருத்தி முன்னால் இழுத்தாள், ஒருத்தி பின்னால் தள்ளினாள். ஆடு தெருக்கோடி வரை முரண்டு பிடித்தது. இன்ஸ்பெக்டர் வீட்டுத் தெரு வந்ததும் என்ன நினைத்ததோ, இவர்களையே இழுத்துக்கொண்டு ஓடியது. நேராக அவர் வீட்டு நீலக் கேட்டில் போய் நின்று, பழகிய தோரணையில் முதுகைச் சொறிந்துகொண்டது.

"என்ன அக்கா, வழி தெரிஞ்ச மாதிரி போகுது?"

"புத்திசாலி ஆடு. பேசாதே. கட்டு."

கட்டினார்கள். உள்ளே நாய் குரைத்தது. ஓடினார்கள்.

திங்கட்கிழமை காலையில் புரூல் கதவைத் திறந்தபோது கேட்டில் இரண்டு ஆடுகள் நின்றன. ஒன்று கோணல் கொம்பு. அது தன் சிநேகிதனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றைத் திருப்பிவிட்டதற்கு இரண்டு. மறுபடி திருப்பினால் நாலு. இந்த வேகத்தில் போனால் கோடை வருவதற்குள் அவள் மேல் ஒரு முழு மந்தையைத் திருடிய கேஸ் இருக்கும்.

ஆடுகளை வீட்டில் விட்டுவிட்டு எப்படி வேலைக்குப் போவது? இரண்டையும் இழுத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். ஊரே பார்த்தது. ஹெட்மாஸ்டர் துர்தக்குன் தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்தார். பொதுவாகவே காலண்டரின் தாள் படபடத்தால்கூட எழுந்து நிற்கும் மனிதர் அவர்.

"என்னம்மா இது? பாடம் நடத்தவா?"

புரூல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சின்ன எழுத்து, கல்பாக், உறை, காரட், ஆடு, ஆடுகள். சொல்லச் சொல்ல ஹெட்மாஸ்டர் நாற்காலியில் கீழே கீழே இறங்கினார். கடைசியில் மேஜைக்கு மேலே அவருடைய வழுக்கை மட்டும் தெரிந்தது.

"என் பள்ளிக்கூடத்துல... என் காம்பவுண்டுக்குள்ள... திருட்டு ஆடு..."

"சார், நான் ராஜினாமா பண்ணிடட்டுமா?"

"நீ போயிடுவே. ஆடு இருக்குமே!" அவர் மெல்ல மேலே வந்தார். பயந்தவர்களுக்கு மட்டுமே வரும் ஒரு ஞானம் அவர் முகத்தில் வந்திருந்தது. "இங்க பாரும்மா. ஆடா நின்னா அது கேஸ். கறியா வெந்து பெஷ்பர்மக்கா ஆயிட்டா அது விருந்து. நோரூஸ் பண்டிகை எப்படியும் வரப்போகுது. பிள்ளைங்களுக்கு விருந்தை இன்னிக்கே போட்டுடலாம். சாயங்காலம் யார் வந்து கேட்டாலும், எந்த ஆடு? எங்க ஆடு? சாட்சி எங்க? முந்நூறு வயித்துல!"

சமையல்காரி பாத்மாவுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது பீரியட் முடிவதற்குள் பெரிய அண்டாக்கள் இரண்டும் கொதித்தன. நான்காவது பீரியடில் ஒரு பிள்ளையாலும் பாடத்தைக் கவனிக்க முடியவில்லை. வாசனை சாவித்துவாரம் வழியாக வந்து ஒவ்வொருத்தர் மடியிலும் உட்கார்ந்தது.

புரூல் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தபோது பாத்மா ஒரு ஆட்டுத் தலையைக் காதைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இந்த ஆடு எங்க வாங்கினீங்க?"

"ஏன்?"

"காதுல வெட்டு பாருங்க. நுனில பிளவு, பக்கத்துல ஒரு பிறை. ஒவ்வொரு குடும்பமும் அவங்கவங்க ஆட்டுக் காதுல ஒரு அடையாளம் வெட்டுவாங்க இல்ல? இது அந்த மேல்மலைக் கிழவரோட வெட்டு. நம்ம இன்ஸ்பெக்டர் ஐயாவோட அப்பா. அந்த மந்தை ஆடு சந்தைக்கே வராதே?"

புரூல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அவள் இன்ஸ்பெக்டரிடம் மன்னிப்புக் கேட்டு அவர் வாசலில் கட்டியது அவருடைய வீட்டு ஆட்டையே. இன்றைக்கு முந்நூறு பேரைக் கூட்டிவைத்துத் தின்றுகொண்டிருப்பதும் அவருடைய வீட்டு ஆட்டையே.

"பாத்மா, அதை... திரும்ப ஒட்ட முடியாதா?"

"என்னது?"

சாப்பாட்டுக் கூடத்தில் அதற்குள் தட்டுகள் காலியாகிக்கொண்டிருந்தன. ஜிபெக் மட்டும் ஒரு துண்டு இறைச்சியைக் கையில் வைத்து, சுற்றுமுற்றும் பார்த்து, பெருமூச்சு விட்டு, பிறகு சாப்பிட்டாள். சாய்ரா கையில் எலும்போடு ஓடிவந்தாள்.

"ஜீப் கேட்டுக்குள்ள வந்துடுச்சு!"

"அக்கா, அந்த எலும்பைக் கீழ போடு."

"எங்க போட? கீழயும் எலும்புதான்!"

கதவு திறந்தது. முந்நூறு வாய்கள் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தின.

இன்ஸ்பெக்டர் ஷர்ஷென்பெக் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். தோளில் பனித்துகள். தொப்பி கக்கத்தில். மற்றொரு கையில் ஒரு உறை. மீசை இப்போது நெருக்கத்தில் பார்க்கும்போது காரட் மூட்டைக்கு மேல் தெரிந்ததைவிடப் பெரிதாக இருந்தது. அவர் கண்கள் கூடம் முழுக்க அலைந்து புரூல் மேல் வந்து நின்றன.

ஹெட்மாஸ்டருக்கு அந்தக் கணத்தில் மூளை வேலை செய்யவில்லை. கை மட்டும் வேலை செய்தது. பெரிய விருந்தாளி வந்தால் ஆட்டுத் தலையைத் தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்ட வேண்டும் என்பது அந்தக் கைக்குப் பரம்பரையாகத் தெரியும். அது பக்கத்திலிருந்த தட்டை எடுத்தது. நீட்டியது.

"ஐயா... வாங்க... நீங்கதான் முதல்ல..."

தட்டில் கோணல் கொம்புத் தலை. காது நேராக நிமிர்ந்து நின்றது. நுனியில் பிளவு, பக்கத்தில் பிறை.

இன்ஸ்பெக்டர் குனிந்து அந்தக் காதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எங்க அப்பா மந்தை ஆடு."

புரூல் முன்னால் வந்தாள். பையிலிருந்த சாவியை எடுத்து ஹெட்மாஸ்டர் முன்னால் மேஜையில் வைத்தாள். எப்படியும் இனி அது வேண்டாம்.

"எல்லாம் நான் பண்ணதுதான் ஐயா. இவங்க யாருக்கும் சம்பந்தம் இல்லை."

"நீங்க... சாப்பிட்டீங்களா?" அவர் குரல் என்னவோ போல் இருந்தது.

"சாப்பிட்டேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

"ஒண்ணும் மிச்சம் வைக்கலையே?"

"எலும்புதான் இருக்கு" என்றாள் புரூல், கண்ணை மூடிக்கொண்டு.

எதுவும் நடக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்தாள். இன்ஸ்பெக்டர் சுவரில் சாய்ந்திருந்தார். மீசை கிடுகிடுவென்று நடுங்கியது. பாறாங்கல்லைத் தூக்கிச் சுமந்துவிட்டு இறக்கிவைத்தவர் மாதிரி ஒரு நீண்ட மூச்சு அவரிடமிருந்து வந்தது. பிறகு வாசல் பக்கம் திரும்பி, வெளியே பார்த்துக் கத்தினார்.

"வாங்க! சாப்பிட்டுட்டாங்க!"

ஜீப் கதவு சாத்தும் சத்தம். தடி தரையில் தட்டும் சத்தம். வெள்ளைக் கம்பளி கல்பாக்கும் ஆட்டுத்தோல் கோட்டுமாக ஒரு கிழவர் உள்ளே வந்தார். நேராக இன்ஸ்பெக்டரிடம் போய், அவர் காதைப் பிடித்துத் திருகி, புரூல் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் வலியை முகத்தில் காட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். உறையிலிருந்து தாளை எடுத்தார் கிழவர். சிவப்புத் தொப்பிகள் கூடம் முழுக்கத் தெரிந்தன.

"டீச்சரம்மா, இந்தக் கட்டுரையை எழுதினவன் தன்னைப் பெத்தவனோட வரணும்னு சொல்லியிருந்தீங்களாமே" என்றார் அவர். "நான்தான் இவனைப் பெத்தவன்."